காலேஜ் பந்தயம்: யார் வீட்டுப் பணம்?

நமது நாட்டிலிருந்து அமெரிக்காவுக்குப் படிக்கப் போகும் பிள்ளைகளின் தொகை வருஷத்துக்கு வருஷம் பெருகிவந்திருப்பதை வாசகர்கள் அறிவார்கள். 2023-24ம் படிப்பு வருஷத்தில் மாத்திரம் அந்தத் தேசத்தில் இருந்த இந்திய மாணவர்கள் 3 லட்சத்து 31 ஆயிரம் பேருக்கு மேல் என்றும், வேறெந்த அந்நிய தேசத்திலிருந்தும் அவ்வருஷம் அவ்வளவு பேர் அங்கு படிக்கவில்லை என்றும் கணக்குச் சொல்லுகிறது. இவர்களில் நிலத்தை ஈடு வைத்துப் போனவர்கள் எத்தனை பேர், தாயார் கழுத்து நகையை விற்றுப் போனவர்கள் எத்தனை பேர் என்பதற்கு யாரும் கணக்கு எடுக்கவில்லையானாலும், அவரவர் தெருவில் விசாரித்தாலே ஒருவாறு விளங்கிவிடும். அப்படிப் போன பிள்ளைக்குக் காலேஜிலிருந்து வரும் பில்லை வாங்கிப் பார்த்தால், படிப்புச் சம்பளம் இவ்வளவு, விடுதிக்கு இவ்வளவு, வைத்தியத்துக்கு இவ்வளவு என்று வரிசையாய் இருப்பதன் நடுவில் கட்டாயக் கட்டணம் என்று ஓர் இனம் இருக்கும். பல காலேஜ்களில் அந்த இனத்துக்குள்ளே, அந்தக் காலேஜின் பந்தயக் கோஷ்டிகளுக்கென்று ஒரு தொகை அடங்கியிருக்கும். பிள்ளை பந்தைத் தொட்டவனா, பந்தயம் பார்க்கப் போகிறவனா, அல்லது இராப்பகலாய்ப் படித்துவிட்டு மிச்ச நேரத்தில் சாப்பாட்டுக் கடையில் தட்டுக் கழுவுகிறவனா என்று யாரும் கேட்பதில்லை. கட்டு என்றால் கட்டவேண்டியதுதான்.

இது என்ன பிரமாதம், ஏதோ சில்லறைக் காசு என்று சிலர் நினைக்கக்கூடும். வர்ஜீனியா மாகாணத்திலுள்ள ஒரு சர்வகலாசாலையில் 2020க்குப் பிந்திய வருஷங்களில் இந்த ஒரு இனத்துக்கு மாத்திரம் ஒவ்வொரு மாணவனும் வருஷத்துக்கு இரண்டாயிரம் டாலருக்கு மேல் கட்டும்படி ஆகியிருக்கிறது. நாலு வருஷப் படிப்புக்கு எட்டாயிரம் டாலர். இதைக் கையிலிருந்து கட்டுகிறவர்கள் கட்டிவிட்டுப் போகட்டும். கடன் வாங்கிக் கட்டுகிறவன், நூற்றுக்கு ஆறு வட்டியில் பத்து வருஷத் தவணையில் திருப்பினால், பத்தாயிரத்து அறுநூறு டாலருக்கு மேல் கொடுத்தாக வேண்டும். இருபதினாயிரம் பேர் படிக்கிற ஓர் இடத்தில் தலைக்கு இரண்டாயிரம் வீதம் வசூலித்தால் வருஷத்துக்கு நாலு கோடி டாலர் ஆகிறது. இவ்வளவும் ஒரு வாத்தியாருக்கும் போகவில்லை, ஒரு புஸ்தகத்துக்கும் போகவில்லை என்பதை நினைவில் வைத்துக்கொண்டு மேலே படிக்கும்படி வாசகர்களைக் கேட்டுக்கொள்ளுகிறோம்.

இந்தப் பந்தயங்களின் பூர்வோத்தரத்தைக் கொஞ்சம் பார்ப்போம். அமெரிக்காவில் இரண்டு காலேஜ்கள் ஒன்றோடொன்று முதன்முதலில் போட்டி போட்டது 1852ம் வருஷம் ஆகஸ்டு மாதம் நியூஹாம்ஷயர் மாகாணத்தில் ஓர் ஏரியில் நடந்த படகுப் பந்தயத்தில் என்பார்கள். ஹார்வர்டும் யேலும் ஆடின, ஹார்வர்டு ஜெயித்தது. இதற்குப் பிள்ளைகளை ரயிலேற்றி, தங்க இடமும் சாப்பாடும் கொடுத்து ஏற்பாடு செய்தவர் யார் என்றால் அந்தப் பக்கத்து ரயில்வே கம்பெனியின் அதிகாரி. அவருக்குப் படகின் மேலும் பிரியமில்லை, படிப்பின் மேலும் பிரியமில்லை. தமது ரயிலில் வேடிக்கை பார்க்க ஜனங்கள் டிக்கட் வாங்கிக்கொண்டு வரவேண்டும் என்பதுதான் கவலை. ஆகவே, முன்னொரு காலத்தில் இந்த விளையாட்டுகள் பரிசுத்தமாய் இருந்தன, பிற்பாடுதான் பணம் வந்து கெடுத்துவிட்டது என்று அங்கு சிலர் அழுகிறார்களே, அது வெறும் கற்பனை. பிறக்கும்போதே பணத்தோடுதான் பிறந்தது.

பிறகு புட்பால் வந்தது. இது நாம் காலால் உதைத்து ஆடுகிற ஆட்டம் என்று எண்ணிவிடக் கூடாது. பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு, எதிர்ப்படுகிறவனை மோதித் தள்ளிக்கொண்டு ஓடுகிற ஆட்டம். 1905ம் வருஷத்து ஆட்டப் பருவத்தில் பதினெட்டுப் பேரளவுக்கு இதில் செத்துப்போனார்கள். பிரசிடெண்டு தியோடர் ரூஸ்வெல்டே காலேஜ்காரர்களைக் கூப்பிட்டுப் பேசவேண்டியதாயிற்று. அதன் பலனாக 1906ல் ஏற்பட்ட சங்கந்தான் இன்று என்.சி.ஏ.ஏ. என்ற பெயரோடு காலேஜ் விளையாட்டுகளை ஆண்டுகொண்டிருக்கிறது. பிள்ளைகளின் உயிரைக் காப்பாற்ற ஏற்பட்ட இந்தச் சங்கம் பிற்காலத்தில் எதைக் காப்பாற்றிற்று என்பதைப் பின்னால் சொல்லுவோம். 1929ல் கார்னகி ஸ்தாபனத்தார் பல காலேஜ்களில் நேரில் விசாரித்து ஒரு பெரிய அறிக்கை வெளியிட்டு, ஆட்டக்காரர்களை ஆள் வைத்துப் பிடிப்பதும் இரகசியமாய்ப் பணம் கொடுப்பதும் சர்வசாதாரணமாய் நடக்கிறது என்று பச்சையாய் எழுதினார்கள். அறிக்கை அலமாரிக்குள் போயிற்று. ஆட்டம் மைதானத்துக்குப் போயிற்று.

இன்றைய நிலைமை என்ன? அமெரிக்காவில் ஒரு லட்சம் பேருக்கு மேல் உட்காரக்கூடிய ஸ்டேடியங்கள் எட்டு இருக்கின்றன. எட்டும் காலேஜ்களின் புட்பாலுக்காக ஏற்பட்டவை; பிழைப்புக்காகவே ஆடுகிற தொழில்முறைக் கோஷ்டிக்கு அப்படி ஒன்றுகூட இல்லை. மார்ச்சு மாதத்தில் நடக்கும் கூடைப்பந்துப் பந்தயத்தை டெலிவிஷனில் காட்டும் உரிமைக்காக 2010ல் பதினாலு வருஷத்துக்கு 1,080 கோடி டாலர் என்று பேசி, பிறகு 2016ல் மேலும் எட்டு வருஷத்துக்கு 880 கோடி டாலர் என்று நீட்டித்து, 2032 வரையில் காண்ட்ராக்ட் செய்திருக்கிறார்கள். புட்பாலின் கடைசிச் சுற்றுப் பந்தயங்களுக்கு மாத்திரம் 2024ல் ஒரு டெலிவிஷன் கம்பெனி ஆறு வருஷத்துக்கு 780 கோடி டாலர் கொடுப்பதாக ஒப்புக்கொண்டிருக்கிறது. 'பிக் டென்' என்னும் ஒரு கூட்டத்துக் காலேஜ்கள் 2022ல் ஏழு வருஷத்துக்கு 700 கோடி டாலருக்கு மேல் பேசிக்கொண்டன. பத்துக் காலேஜ் என்று பெயர் வைத்துக்கொண்டிருக்கும் அந்தக் கூட்டத்தில் இப்போது பதினெட்டுக் காலேஜ்கள்! கிழக்குக் கடற்கரையில் நியூஜெர்சியிலுள்ள ரட்கர்ஸ் சர்வகலாசாலையும், மேற்குக் கடற்கரையில் லாஸ் ஏஞ்சல்ஸிலுள்ள சர்வகலாசாலைகளும் அதில் ஒன்றாய் இருக்கின்றன. ஒரு ஆட்டம் ஆடுவதற்காகப் பிள்ளைகள் தேசத்தின் ஒரு கரையிலிருந்து மறு கரைக்கு ஆகாயக் கப்பலில் போய்வருகிறார்கள். கூட்டல் கணக்கைக் கற்றுக்கொடுக்க வேண்டிய இடத்தில் பத்துக்கும் பதினெட்டுக்கும் வித்தியாசம் இல்லாமல் போனது ஒரு வேடிக்கைதான்.

இவ்வளவு பணம் வருகிறதே, பிறகு பிள்ளைகளிடம் ஏன் கட்டணம் வசூலிக்க வேண்டும் என்று எந்தச் சாதாரண மனிதனும் கேட்பான். கேட்க வேண்டிய கேள்வியும் அதுதான்.

எப்படியென்றால், டெலிவிஷன் பணத்தின் பெரும் பாகம் நாலைந்து பெரிய கூட்டங்களுக்கே போய்விடுகிறது. முதல் வகுப்பு என்று சொல்லப்படும் காலேஜ்கள் முன்னூற்றைம்பதுக்கு மேல் இருக்க, தங்கள் விளையாட்டு வரும்படியைக் கொண்டே விளையாட்டுச் செலவைக் கட்டிக்கொள்ளுகிறவை இருபது முப்பதுக்கு மேல் தேறுவதில்லை என்று அந்தச் சங்கத்தின் கணக்குகளே பல வருஷங்களாய்ச் சொல்லிவந்திருக்கின்றன. மற்றவை எல்லாம் பெரிய வீட்டுக் கலியாணத்தைப் பார்த்துக் கடன் வாங்கிப் பந்தல் போடுகிறவர்களின் நிலைமையில்தான் இருக்கின்றன. பெரியவன் ஐந்து கோடியில் ஜிம்னாசியம் கட்டினால் சின்னவன் மூன்று கோடியிலாவது கட்டாவிட்டால் ஆட்டக்காரன் வரமாட்டான். ஆட்டக்காரன் வராவிட்டால் தோல்வி. தோல்வி என்றால் டிக்கட் விற்காது. அந்த மூன்று கோடிக்கு எங்கே போவது? மாணவனின் பில்லுக்குத்தான் போவது. அவன் ஒருவன்தானே ஓடிப்போக முடியாதவன்!

மேலே சொன்ன ரட்கர்ஸையே எடுத்துக்கொள்ளுவோம். 1869ம் வருஷம் நவம்பரில் காலேஜ்களுக்குள் முதல் புட்பால் ஆட்டம் நடந்தது அந்த இடத்தில்தான். அந்தப் பெருமையோடு 2014ல் பணக்காரக் கூட்டமான பிக் டென்னிலும் சேர்ந்தார்கள். 2021ம் வருஷத்துக் கணக்கில் அவர்கள் விளையாட்டு இலாகாவில் துண்டு விழுந்த தொகை 7 கோடி டாலருக்கு மேல். மாணவர் கட்டணமும், சர்வகலாசாலையின் பொதுப்பணமும், கடனும் கொண்டு அந்தப் பள்ளத்தை நிரப்பினார்கள். பொதுப்பணம் என்பது என்ன? வாத்தியார் வேலை காலியானால் நிரப்பாமல் விடுவதும், ஆராய்ச்சிசாலையில் பழைய கருவியை வைத்துக்கொண்டு ஒப்பேற்றுவதும், வரி கட்டுகிற குடியானவனுடைய காசும் சேர்ந்ததுதான் பொதுப்பணம். வர்ஜீனியா மாகாணத்துச் சட்டசபையார் இந்த அக்கிரமத்தைச் சகிக்கமாட்டாமல் 2015ல் ஒரு சட்டம் செய்து, விளையாட்டு வரும்படியில் இன்ன பங்குக்கு மேல் மாணவர் கட்டணமாக இருக்கக்கூடாது என்று வரம்பு கட்டினார்கள். நல்லது என்றே சொல்லுவோம். ஆனால், பெரிய கூட்டங்களில் சேராத காலேஜ்களுக்கு அந்த வரம்பே பாதிக்கு மேல் என்றால், வரம்பு கட்டுவதற்கு முன் எப்படி இருந்திருக்கும் என்று வாசகர்களே யூகித்துக்கொள்ளட்டும்.

நிற்க, இந்தப் பணம் யார் கைக்குப் போகிறது? கோச் என்று சொல்லப்படும் பயிற்சி ஆசானுக்குப் போகிறது. 2024ல் ஜார்ஜியா சர்வகலாசாலையின் புட்பால் கோச் கிர்பி ஸ்மார்ட்டின் வருஷச் சம்பளம் 1 கோடியே 30 லட்சம் டாலர். அமெரிக்காவின் ஐம்பது மாகாணங்களில் சுமார் நாற்பதில், சர்க்கார் சம்பந்தமான உத்தியோகஸ்தர்களிலெல்லாம் அதிகச் சம்பளம் வாங்குகிறவர் கவர்னர் அல்ல, ஜட்ஜ் அல்ல, பெரிய ஆஸ்பத்திரி டாக்டரும் அல்ல, ஏதாவது ஒரு காலேஜின் கோச்தான் என்று பத்து வருஷங்களுக்கு முன்பே கணக்கெடுத்துக் காட்டியிருக்கிறார்கள். வேலை செய்வதற்குக் கொடுப்பதுகூட இருக்கட்டும். 2023ம் வருஷம் நவம்பரில் டெக்ஸஸ் ஏ அண்டு எம். சர்வகலாசாலையார் தங்கள் கோச் ஜிம்போ பிஷரை வேலையைவிட்டு நீக்கினார்கள். நீக்கியதற்காக அவருக்குக் கொடுக்க ஒப்புக்கொண்டிருந்த தொகை 7 கோடியே 50 லட்சம் டாலருக்கு மேல். வேலை செய்யாமல் இருப்பதற்கு இவ்வளவு கூலி வாங்கிய மனிதன் உலகத்தில் மடாதிபதிகளைத் தவிர வேறு யாராவது இருக்கிறார்களா என்பது நமக்குத் தெரியவில்லை.

இதைக் கேட்டால், "அது ஜனங்கள் காசு இல்லை, பழைய மாணவர்களான தனவந்தர்கள் இஷ்டப்பட்டுக் கொடுத்த நன்கொடை" என்று பதில் சொல்லுகிறார்கள். இந்தப் பதிலையும் கொஞ்சம் உரித்துப் பார்க்க வேண்டும். தனவந்தர்கள் ஸ்டேடியத்தில் நல்ல இடத்தில் உட்காரும் உரிமைக்காகக் காலேஜுக்கு நன்கொடை கொடுப்பது வழக்கம். அமெரிக்க சர்க்கார் சுமார் முப்பது வருஷ காலம், அதாவது 2017ம் வருஷத்து வரிச் சட்டம் வரும் வரையில், அந்த நன்கொடையில் நூற்றுக்கு எண்பது பாகத்தைத் தர்மமாகப் பாவித்து அதற்கு வருமான வரி வேண்டாம் என்று விட்டுக்கொடுத்துக்கொண்டிருந்தது! ஏழைக்குக் கஞ்சி ஊற்றினால் தர்மம் என்று கேட்டிருக்கிறோம். தான் நாற்காலியில் சாய்ந்துகொண்டு பந்தயம் பார்ப்பதைத் தர்மம் என்று சர்க்கார் புஸ்தகத்திலேயே எழுதி வைத்திருந்தது அந்த நாட்டில்தான். அவன் கட்டாத வரியை யார் கட்டியிருப்பார்கள்? ஸ்டேடியத்தின் வாசலையே பார்த்திராத கூலிக்காரன்தான் கட்டியிருப்பான்.

இனி, மைதானத்தில் எலும்பு முறிய ஆடுகிறவன் சங்கதிக்கு வருவோம். பெரிய காலேஜ்களின் புட்பால், கூடைப்பந்துக் கோஷ்டிகளில் நீக்ரோக்கள் என்று முன்பு அழைக்கப்பட்ட கறுப்பு ஜனங்களின் பிள்ளைகள் அவர்கள் ஜனத்தொகைக்கு எத்தனையோ மடங்கு அதிகமாய் இருக்கிறார்கள். அதே காலேஜ்களின் வகுப்பறைகளில் அவர்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். இந்தப் பிள்ளைகள் சம்பளம் கேட்கக்கூடாது என்பதற்காக 'அமெச்சூர்' என்று ஒரு தத்துவத்தை உண்டாக்கி வைத்தார்கள். அதாவது, ஆசைக்காக ஆடுகிறவனே உத்தமன், காசுக்காக ஆடுகிறவன் இழிந்தவன் என்பது. பயிற்சி கொடுக்கிறவன் காசுக்காகக் கொடுக்கலாம், டெலிவிஷன்காரன் காசுக்காகக் காட்டலாம், சங்கத்தின் தலைவர் காசுக்காகத் தலைமை வகிக்கலாம்; ஆடுகிறவன் மாத்திரம் ஆத்மார்த்தமாய் ஆட வேண்டும்! பாடுபடுகிறவனுக்கு மட்டும் பலனில் ஆசை கூடாது என்று உபதேசிக்கிற புத்தி எந்தத் தேசத்திலும் ஒன்றுபோலவே இருக்கிறது.

இதற்கு ஒரு பெயரும் சூட்டினார்கள். 1955ல் கொலராடோ மாகாணத்தில் ஒரு சிறு காலேஜுக்காகப் புட்பால் ஆடிய ஒருவர் தலையில் அடிபட்டு இறந்துபோனார். அவர் மனைவி, வேலை செய்யும்போது இறந்த தொழிலாளியின் குடும்பத்துக்குக் கிடைக்கும் நஷ்டஈட்டைக் கேட்டு வழக்குப் போட்டார். 1957ல் அந்த மாகாணத்துப் பெரிய கோர்ட்டு, காலேஜ் புட்பால் வியாபாரம் நடத்தவில்லை, ஆகையால் நஷ்டஈடு கிடையாது என்று தீர்ப்புச் சொல்லிவிட்டது. இப்படிப்பட்ட வழக்குகள் கிளம்பக்கூடும் என்ற பயத்தினால்தான், அந்தக் காலத்தில் என்.சி.ஏ.ஏ.வின் நிர்வாகியாய் இருந்த வால்டர் பையர்ஸ் என்பவரும் அவர் சகாக்களும், ஆட்டக்காரன் என்ற சொல்லையே விலக்கி, 'மாணவ விளையாட்டாளன்' என்று ஒரு புதுச் சொல்லைச் செய்து, எல்லாக் காகிதத்திலும் அதையே எழுதும்படி உத்தரவு போட்டார்கள். இதை நாம் கற்பனை செய்து சொல்லவில்லை. அந்தப் பையர்ஸே வேலையிலிருந்து விலகியபின் 1995ல் எழுதிய புஸ்தகத்தில் தாமே ஒப்புக்கொண்டிருக்கிறார். ஒரு விதவைக்குக் கொடுக்கவேண்டிய காசை மறுப்பதற்காக ஏற்பட்ட அந்தச் சொல், எழுபது வருஷமாகப் பட்டமளிப்பு விழாக்களிலும் பத்திரிகைகளிலும் ஏதோ கௌரவப் பட்டம்போல் உச்சரிக்கப்பட்டு வந்திருக்கிறது. 1973 முதல் அவனுக்குக் கொடுக்கும் படிப்பு உதவியையும் வருஷத்துக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டியதாக ஆக்கி, கால் முறிந்தவனையும் கோச்சுக்குப் பிடிக்காதவனையும் வருஷ முடிவில் உதவியை நிறுத்தி அனுப்புவதற்கு வழி செய்துகொண்டார்கள். 2012ல்தான் பல வருஷத்துக்குச் சேர்த்துக் கொடுக்க மறுபடி அனுமதி வந்தது.

2014ல் கனெக்டிகட் சர்வகலாசாலைக் கோஷ்டி கூடைப்பந்தில் தேசத்துக்கே முதலாவதாக வந்தது. அந்தக் கோஷ்டியின் முதன்மை ஆட்டக்காரரான ஷபாஸ் நேப்பியர், சில இரவுகளில் சாப்பாடில்லாமல் பசியோடு படுத்திருக்கிறேன் என்று பத்திரிகைக்காரர்களிடம் சொல்லிவிட்டார். ஆயிரம் கோடி டாலருக்கு விற்ற பந்தயத்தில் ஜெயித்தவன் வயிற்றுக்குச் சோறில்லை என்ற செய்தி வெளியான சில நாட்களுக்குள், ஆட்டக்காரர்களுக்கு வேண்டிய மட்டும் சாப்பாடு போடலாம் என்று என்.சி.ஏ.ஏ. விதியைத் திருத்தியது. அதற்கு முன்னால் வேண்டிய மட்டும் சோறு போடுவது குற்றம்!

"சம்பளம் கொடுக்காவிட்டால் என்ன, விலையில்லாத கல்வியைக் கொடுக்கிறோமே" என்று இதற்கும் ஒரு பதில் வைத்திருக்கிறார்கள். அந்தக் கல்வியின் யோக்கியதையை வடகரோலினா சர்வகலாசாலையில் பார்க்கலாம். அங்கே 1993 முதல் 2011 வரை பதினெட்டு வருஷ காலம், வாத்தியார் வராத, வகுப்புக் கூடாத பாடங்கள் நடந்தன. ஒரு கட்டுரை எழுதிக் கொடுத்தால், ஆபீசில் குமாஸ்தா வேலை பார்த்த ஓர் அம்மாள் நல்ல மார்க்குப் போட்டுவிடுவார். 2014ல் வெளிவந்த விசாரணை அறிக்கையின்படி இந்தப் பாடங்களை எடுத்தவர்கள் 3,100 பேருக்கு மேல்; அவர்களில் சற்றேறக்குறையப் பாதிப்பேர் விளையாட்டுக் கோஷ்டியார். இதற்கு என்.சி.ஏ.ஏ. என்ன தண்டனை விதித்தது தெரியுமா? 2017ல் ஒரு தண்டனையும் விதிக்காமல் விட்டுவிட்டது. காரணம், அந்தப் பாடங்கள் ஆட்டக்காரர்களுக்கு மாத்திரம் ஏற்பட்டவை அல்ல, மற்ற மாணவர்களும் எடுத்தார்களாம். ஆகவே விளையாட்டு விதி மீறப்படவில்லையாம். எல்லோரையும் சேர்த்து ஏமாற்றினால் ஏமாற்று ஆகாது என்பது இவர்கள் கண்ட நியாயம். இதில் இன்னொரு கொடுமை, அந்தப் பொய்ப் பாடங்கள் நடந்தது கறுப்பு ஜனங்களின் சரித்திரத்தையும் வாழ்வையும் கற்பிப்பதற்கென்று ஏற்பட்ட இலாகாவில். தன் பாட்டன் எப்படி அடிமையானான் என்று படிக்க வேண்டிய பிள்ளையை, அந்தப் பாடத்தின் பேராலேயே ஒன்றும் படிக்காமல் அனுப்பியிருக்கிறார்கள்.

இவை எல்லாம் பழைய கதை, இப்போது எல்லாம் திருந்திவிட்டது என்று சிலர் சொல்லலாம். திருந்தியது உண்மைதான், ஒரு பக்கத்தில். 2021ம் வருஷம் ஜூன் மாதத்தில் அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டின் ஒன்பது ஜட்ஜுகளும் ஏகமனதாக என்.சி.ஏ.ஏ.வுக்கு விரோதமாகத் தீர்ப்புச் சொன்னார்கள். மறு மாதம் முதல் ஆட்டக்காரர்கள் தங்கள் பெயரையும் உருவத்தையும் விளம்பரத்துக்குக் கொடுத்துக் காசு வாங்கிக்கொள்ளலாம் என்றாயிற்று. பிறகு 2025ம் வருஷம் ஜூன் 6ந் தேதி ஒரு கோர்ட்டு ஒப்புக்கொண்ட ராஜியின்படி, 2016 முதல் ஆடியவர்களுக்குப் பத்து வருஷத் தவணையில் சுமார் 280 கோடி டாலர் கொடுப்பதென்றும், 2025-26ம் வருஷத்தில் ஒவ்வொரு காலேஜும் 2 கோடியே 5 லட்சம் டாலர் அளவுக்கு ஆட்டக்காரர்களுக்கு நேரடியாகக் கொடுக்கலாமென்றும் ஏற்பட்டது. ஆடுகிறவனுக்குக் கூலி வேண்டும் என்பதை எத்தனையோ காலம் கழித்தாவது ஒப்புக்கொண்டதை நாம் மனப்பூர்வமாய் வரவேற்கிறோம்.

ஆனால், இந்தக் கூலி எங்கிருந்து வருகிறது என்பதைத்தான் நாம் கவனிக்க வேண்டும். கோச்சின் சம்பளத்தில் கை வைத்து வந்ததா? அதற்கு இந்த ராஜியில் ஒரு வரம்பும் இல்லை. டென்னஸ்ஸி சர்வகலாசாலையார் 2025ம் வருஷத்து டிக்கட் விலையின்மேல் நூற்றுக்குப் பத்து ஏற்றி அதற்கு 'திறமைக் கட்டணம்' என்று பெயரிட்டார்கள். டிக்கட் வேண்டாம் என்கிறவன் வாங்காமல் இருக்கலாம், அதனால் அதைப் பற்றி நமக்கு அதிகக் கவலையில்லை. தென்கரோலினாவிலுள்ள கிளெம்சன் சர்வகலாசாலையோ, இப்படி ஒரு செலவு வரப்போகிறது என்று தெரிந்து 2024ம் வருஷத்திலேயே, அதுவரை இல்லாத விளையாட்டுக் கட்டணம் ஒன்றை மாணவர் தலையில் அரை வருஷத்துக்கு 150 டாலர் வீதம் சுமத்திற்று. 280 கோடியில் ஒரு பெரும் பாகத்துக்காக என்.சி.ஏ.ஏ. தான் பங்கிட்டுக் கொடுக்கும் பணத்தில் வெட்டு விழச் செய்திருப்பதால், இந்த வழக்குக்கே சம்பந்தமில்லாத சிறு காலேஜ்களும் நஷ்டப்படுகின்றன. அந்தச் சிறு காலேஜ்கள்தான் மாணவர் கட்டணத்தையே நம்பி ஆட்டம் நடத்துகிறவை என்று முன்பே சொன்னோம்.

ஆகவே நடந்திருப்பது என்னவென்றால், நேற்றுவரை கறுப்பு ஆட்டக்காரனின் முதுகில் இருந்த மூட்டையில் ஒரு பாகத்தை இறக்கி, பக்கத்தில் புஸ்தகத்தோடு உட்கார்ந்திருக்கும் கடன்காரப் பிள்ளையின் முதுகில் வைத்திருக்கிறார்கள். மூட்டையின் மேல் ஏறி உட்கார்ந்திருக்கிறவன் இறங்கவே இல்லை. அமெரிக்காவில் மாணவர்கள் சர்க்காருக்குத் தீர்க்கவேண்டிய படிப்புக் கடன் 1 லட்சத்து 60 ஆயிரம் கோடி டாலருக்கு மேல் நிற்கிறது. இந்த இரண்டு ஏழைகளையும் ஒருவர்மேல் ஒருவருக்கு ஆத்திரம் வரும்படி செய்துவிட்டால் மூன்றாவது ஆசாமியை யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள் என்ற தந்திரம் நமக்குப் புதிதல்ல.

இன்னொரு வாதமும் உண்டு. கோஷ்டி ஜெயித்தால் காலேஜுக்குப் பெயர் பரவும், பெயர் பரவினால் நல்ல மாணவர்கள் வருவார்கள், ஆகவே இது செலவு அல்ல, முதலீடு என்பது. இதற்குச் சாதாரண அறிவே போதும். ஒவ்வொரு பந்தயத்திலும் ஒருவன் ஜெயித்தால் இன்னொருவன் தோற்றே ஆகவேண்டும். எல்லாக் காலேஜும் செலவை இரட்டித்தாலும் ஜெயிப்பதும் தோற்பதும் முன்போலவே பாதிக்குப் பாதியாய்த்தான் இருக்கும். கூடியது செலவு ஒன்றுதான். எல்லாருக்கும் லாபம் வரும் என்று சொல்லி முன்னூற்றைம்பது பேரிடம் சீட்டுக் கட்டி, இருபது பேருக்கு மாத்திரம் பட்டுவாடா செய்கிற கம்பெனியை நம் ஊரில் போலீசார் என்ன செய்வார்கள் என்பது எல்லாருக்கும் தெரியும்.

அப்படியானால் காலேஜில் விளையாட்டே கூடாது என்கிறீர்களா என்று நம்மைக் கேட்கலாம். விளையாட வேண்டும், எல்லாரும் விளையாட வேண்டும் என்கிறோம். எண்பது பேர் ஆட ஒரு லட்சம் பேர் உட்கார்ந்து வறுவல் தின்பதற்கு உடற்பயிற்சி என்று பெயரிடாதீர்கள் என்கிறோம். அமெரிக்காவிலேயே இதைச் செய்து காட்டியவர்கள் இருக்கிறார்கள். சிகாகோ சர்வகலாசாலை பிக் டென் கூட்டத்தை ஆரம்பித்தவர்களில் ஒன்று. தேசத்தில் சிறந்த புட்பால் ஆட்டக்காரனுக்கென்று ஏற்பட்ட ஹைஸ்மன் பரிசை 1935ல் முதன்முதல் வாங்கியவனும் அங்கே படித்தவன்தான். அப்படியிருந்தும் 1939ல் அதன் தலைவர் ராபர்ட் ஹட்சின்ஸ், இது கல்விச் சாலைக்குச் சம்பந்தமில்லாதது என்று புட்பால் கோஷ்டியையே எடுத்துவிட்டார். காலியாய்க் கிடந்த அந்த ஸ்டேடியத்தின் படிகளுக்குக் கீழே ஒரு கூடத்தில்தான் 1942ம் வருஷம் டிசம்பர் 2ந் தேதி பெர்மியும் அவர் தோழர்களும் அணுவின் சக்தியை முதன்முதலில் மனிதன் கைக்குள் அடங்கி நடக்கும்படி செய்தார்கள். அது பின்னால் எதற்கு உபயோகப்பட்டது என்பது வேறு துக்கம். புட்பால் போனதால் சிகாகோவின் மதிப்புக் குறைந்தது என்று இதுவரை யாரும் சொல்லக் கேட்டதில்லை. 1969ல் புட்பால் மறுபடி வந்தபோதும் பழைய டம்பம் இல்லாமல் சிறிய அளவில்தான் வந்தது.

அதைவிட நாம் மெச்சுவது அட்லாண்டா நகரத்தில் கறுப்புப் பெண்கள் படிக்கும் ஸ்பெல்மன் காலேஜை. 2012ல் அவர்கள் கணக்குப் பார்த்தார்கள். படிக்கிற பெண்கள் 2,100 பேர். பந்தயக் கோஷ்டிகளில் இருப்பவர்கள் 80 பேர். இந்த 80 பேருக்காக வருஷத்துக்கு ஆகும் செலவு சுமார் 10 லட்சம் டாலர். பந்தயங்களிலிருந்து விலகிக்கொண்டு, அதே பணத்தில் 2,100 பேருக்கும் தேகப்பயிற்சி, நீச்சல், நடை, ஆகார விஷயம் எல்லாம் கற்பிக்க ஏற்பாடு செய்துவிட்டார்கள். இதற்கு எதிரிடையான சங்கதியும் உண்டு. 2014 டிசம்பரில் பர்மிங்ஹாமிலுள்ள அலபாமா சர்வகலாசாலையார் செலவு தாங்கவில்லை என்று புட்பாலை நிறுத்தப்போக, ஊரே கிளம்பிக் கூச்சல் போட்டு, ஆறு மாதத்துக்குள் மறுபடி வைக்கும்படி செய்துவிட்டது. வாத்தியார் உத்தியோகம் ஒன்றை எடுத்ததற்காக எந்த ஊராவது அப்படிக் கிளம்பியதுண்டா?

அமெரிக்கர் காலேஜை எப்படி நடத்த வேண்டும் என்று சட்டம் செய்ய நமக்கு அதிகாரமில்லை. ஆனால், நம் பிள்ளைகள் கட்டும் காசைப் பற்றிக் கேட்க நமக்குப் பூரண அதிகாரம் உண்டு. இந்த விளையாட்டுக் கட்டணம் பில்லில் எப்போதும் அந்தப் பெயரிலேயே வருவதில்லை. பொதுக் கட்டணம், மாணவர் நடவடிக்கைக் கட்டணம், ஒட்டுமொத்தக் கட்டணம் என்று பல வேஷத்தில் வரும். ஆகையால் மனுப்போடும் பிள்ளைகள், கட்டாயக் கட்டணத்தில் பந்தயக் கோஷ்டிக்குப் போவது எவ்வளவு, மேல்படிப்பு மாணவனும் அதைக் கட்ட வேண்டுமா, பந்தயம் பார்க்காதவனுக்கு விலக்கு உண்டா என்ற மூன்று கேள்விகளையும் சேரும் முன்பே கடிதத்தில் எழுதிக் கேட்டு, பதிலையும் எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். சர்க்கார் சம்பந்தப்பட்ட காலேஜாய் இருந்தால் விளையாட்டு இலாகாவின் வரவு செலவு அறிக்கையைக் கேட்டுப் பெறப் பெரும்பாலான மாகாணங்களில் சட்டத்தில் வழியிருக்கிறது. அதில் மாணவர் கட்டணம் என்ற வரி தனியாகவே இருக்கும். அங்கேயே இருக்கும் நம் மாணவர் சங்கங்கள் தீபாவளி விருந்துக்கு வசூல் செய்வதில் காட்டும் ஊக்கத்தில் கால் பாகத்தை இதில் காட்டி, ஒவ்வொரு காலேஜின் தொகையையும் திரட்டி அனுப்புவார்களானால், இங்கே மனுப்போடக் காத்திருக்கும் பிள்ளைகளின் தகப்பன்மார் கடன் பத்திரத்தில் கையெழுத்து வைக்கும் முன் பார்த்துக்கொள்ளும்படி அதை அப்படியே பிரசுரிக்க நாம் தயாராய் இருக்கிறோம்.